நான்கு குரல் பாமாலையை மியூஸ்ஸ்கோரில் அச்சுக்குத் தயாரித்தல்: முழுமையான வழிகாட்டி

ஆலயப் பாடகர் குழுவுக்கான நான்கு குரல் பாடல் ஒன்றைத் தமிழ் வரிகளோடு ஸ்டாஃப் நொட்டேஷனில் உள்ளிட்டு, அச்சுப் பக்கமாக மாற்ற விரும்புவோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. நொட்டேஷன் வாசிக்கத் தெரிந்திருந்தால் போதும். மென்பொருள் பழக்கம் தேவையில்லை. இங்கே பயன்படுத்தும் மென்பொருள், இசைக்குறிகளை எழுதி அச்சிட உதவும் மியூஸ்ஸ்கோர் ஸ்டுடியோ 4. விசைகள் விண்டோஸ் கணினிக்கு உரியவை. மேக் வைத்திருப்போர் பெரும்பாலான இடங்களில் கன்ட்ரோலுக்குப் பதிலாகக் கமாண்ட் விசையை அழுத்த வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 1708-இல் வெளியான ‘செயின்ட் ஆன்’ என்ற 8.6.8.6 மீட்டர் ராகத்தை (நான்கு அடிகளில் முறையே 8, 6, 8, 6 அசைகள் வரும் பாமாலை மெட்டு) எடுத்துக்கொள்கிறேன். பாடகர் குழுக்களுக்கு அறிமுகமானது, ஒரு பக்கத்தில் அடங்கிவிடும், புதியவர்கள் தடுமாறும் இடங்கள் பலவும் அதில் உண்டு. விசைகளை ஓரிரு நாளில் பழகிவிடலாம். வேலையைக் கெடுப்பது வரிசை தவறுவதுதான்: நோட்டுகள் முடியாமலே பக்கத்தை அழகுபடுத்தத் தொடங்குகிறவர், அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப அழகுபடுத்திக்கொண்டிருப்பார்.

1. கணினியைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, தெளிவான மூலப் பிரதி. பலமுறை ஜெராக்ஸ் எடுத்த தாளில் புள்ளியிட்ட மினிமும் வெறும் மினிமும் ஒன்றுபோலத் தெரியும்; ஷார்ப் குறி கோட்டில் இருக்கிறதா, இடைவெளியில் இருக்கிறதா என்பது புலப்படாது. சந்தேகமான இடங்களை முன்கூட்டியே பென்சிலால் வட்டமிட்டு, ஆர்கன் வாசிப்பவரிடமோ பாடகர் குழு நடத்துநரிடமோ கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்தி யோசித்தால் எந்தக் குரலில், எந்த பாரில் இருந்தோம் என்பதே மறந்துபோகும்.

இரண்டாவது, உரிமை. இந்தியச் சட்டப்படி பாடல் வரிகளுக்கும் இசைக்கும் ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. 1864-இல் மறைந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் வரிகளுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வரிகளுக்கு அண்மையில் ஒருவர் எழுதிய நான்கு குரல் இசையமைப்பு அவருடையது. அதைத் தட்டச்சு செய்து பலருக்கு அச்சிட்டு வழங்க அவருடைய ஒப்புதல் வேண்டும்.

மூன்றாவது, யூனிகோடில் தட்டச்சு செய்த பாடல் வரிகள். பழைய பாட்டுத்தாள்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அவற்றை நேரடியாக ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றிய பின் ஒருமுறை வாசித்துச் சரிபார்க்க வேண்டும், ஏனெனில் மாற்றிகள் ஒற்றெழுத்துகளில் தவறு செய்வது வழக்கம்.

2. நிறுவுதல்

மென்பொருளை மியூஸ்ஸ்கோர் டாட் ஆர்க் தளத்திலிருந்து இறக்குங்கள், அது இலவசம். டாட் காம் என்று முடியும் தளம் பயனர்கள் ஸ்கோர்களைப் பகிர்வதற்கானது, சந்தா கேட்பதும் அதுதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு, மென்பொருளுக்கே பணம் கட்ட வேண்டுமென்று எண்ணித் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. மியூஸ் ஹப் என்ற துணைச் செயலி அச்சு வேலைக்குக் கட்டாயம் இல்லை.

மொழி அமைப்பில் பிரிட்டிஷ் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால், நம் ஊரில் டிரினிட்டி தேர்வுக்குப் படித்தவர்களுக்குப் பழக்கமான குரோச்செட், மினிம், குவேவர் என்ற பெயர்களே திரையில் தெரியும்.

ஃபினாலேயில் பழைய கோப்புகள் வைத்திருப்போருக்கு ஒரு சொல்: அந்த மென்பொருளின் வளர்ச்சி 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டுவிட்டது, அதன் கோப்புகளை மியூஸ்ஸ்கோர் நேரடியாகத் திறக்காது. ஃபினாலே உங்கள் கணினியில் இயங்கும்போதே அனைத்தையும் மியூசிக் எக்ஸ்எம்எல் என்ற பொதுக் கோப்பு வடிவில் சேமித்துவிடுங்கள்.

3. புதிய ஸ்கோரை அமைத்தல்

புதிய ஸ்கோர் தொடங்கும்போது டெம்ப்ளேட் பட்டியலில் கோரல் பிரிவுக்குள் சென்று, ‘எஸ்ஏடிபி குளோஸ்டு ஸ்கோர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேல் ஸ்டாஃபில் சோப்ரானோவும் ஆல்ட்டோவும், கீழ் ஸ்டாஃபில் டெனரும் பேஸும் அமையும். குரல்கள் வெவ்வேறு தாளத்தில் நகரும் ஆந்தம் வகைப் பாடலுக்கு மட்டும் நான்கு தனி ஸ்டாஃப் கொண்ட டெம்ப்ளேட்டை எடுங்கள். பாமாலைக்கு அது தாளை வீணாக்கும்.

அடுத்த பக்கத்தில் கீ சிக்னேச்சர், டைம் சிக்னேச்சர், பார்களின் எண்ணிக்கை, பிக்அப் பார் (முதல் முழு பாருக்கு முன் வரும் குறை பார்) ஆகியவற்றைக் கேட்கும். செயின்ட் ஆன் ராகத்துக்கு சி மேஜர், 4/4, 8 பார்கள், ஒரு குரோச்செட் அளவு பிக்அப் என்று கொடுங்கள். பிக்அப்பை இங்கே கொடுக்க மறந்து, முதல் பாரில் மூன்று ரெஸ்ட் போட்டுச் சமாளிப்பது மிகப் பரவலான தவறு. அப்படிச் செய்தால் பார் எண்கள் ஒன்று தள்ளிப்போகும். ஒத்திகையில் நடத்துநர் “ஐந்தாம் பார்” என்றால் மூலப் பிரதி வைத்திருப்பவர் ஓரிடத்திலும் உங்கள் தாளை வைத்திருப்பவர் வேறிடத்திலும் நிற்பார்கள்.

பிக்அப்பில் எடுத்த ஒரு பீட்டைக் கடைசி பாரில் குறைக்க வேண்டும். கடைசி பாரின் வெற்றிடத்தில் வலது சொடுக்கி, மெஷர் ப்ராப்பர்ட்டீஸில் உண்மையான கால அளவை 3/4 என மாற்றுங்கள். இதை நோட்டுகள் இடும் முன்பே செய்துவிடுவது நல்லது.

4. நோட்டுகளை உள்ளிடுதல்

‘என்’ விசையை அழுத்தினால் உள்ளீட்டு நிலை தொடங்கும். எண் விசைகள் கால அளவைத் தரும்: 4 குவேவர், 5 குரோச்செட், 6 மினிம், 7 செமிபிரீவ். முற்றுப்புள்ளி விசை நோட்டுக்குப் புள்ளி வைக்கும், 0 ரெஸ்ட் இடும். கால அளவு முதலில், சுரம் பிறகு என்ற வரிசையை விரல்கள் பழகும்வரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வது உதவும்.

பிக்அப்பில் நின்று 5 அழுத்தி ஜி, பிறகு ஈ, ஏ, ஜி, சி என்று தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சுரத்தையும் முந்தைய சுரத்துக்கு மிக அருகிலுள்ள ஆக்டேவில் மென்பொருளே இடும் என்பதால், முதல் வரியில் ஆக்டேவைத் திருத்த வேண்டிய தேவையே எழாது. இரண்டாம் வரியில் வரும் எஃப் ஷார்ப்புக்கு, எஃப் தட்டியவுடன் மேல் அம்பு விசையை ஒருமுறை அழுத்துங்கள். பேஸ் குரல் ஆக்டேவ் அளவு தாவும் இடங்களில்தான் கவனம் வேண்டும்: சுரத்தைத் தட்டியபின் கன்ட்ரோலோடு மேல் அல்லது கீழ் அம்பை அழுத்தினால் ஓர் ஆக்டேவ் நகரும். குரலின் எல்லைக்கு வெளியே போன நோட்டுகள் திரையில் நிறம் மாறித் தெரியும். அந்த நிறம் அச்சில் வராது.

சோப்ரானோவை முதலிலிருந்து கடைசிவரை முடித்த பிறகே ஆல்ட்டோவுக்கு வாருங்கள். ஒவ்வொரு பாராக நான்கு குரலையும் நிரப்பிச் செல்வது வேகமானது போலத் தோன்றும். ஆனால் ஒரு குரலின் மெட்டை மனத்துக்குள் பாடியபடி உள்ளிடும்போது, தவறான சுரம் விரலில் பட்ட கணமே காதுக்கு உறுத்தும். பார் பாராகத் தாவும்போது அந்தக் காவல் போய்விடுகிறது.

ஒரே ஸ்டாஃபில் தனித்தனித் தாளத்தில் நகரும் குரல்களை மென்பொருள் ‘வாய்ஸ்’ என்ற அடுக்குகளாகப் பிரிக்கிறது; ஆல்ட்டோவைக் கட்டாயம் வாய்ஸ் 2-இல் இட வேண்டும். மேலேயுள்ள பட்டையில் 2 என்ற பொத்தானை அழுத்தலாம், அல்லது கன்ட்ரோல், ஆல்ட், 2 ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தலாம். இங்கே தவறாதவர்கள் குறைவு. வாய்ஸ் 1-இலேயே சோப்ரானோவின் கீழ் இன்னொரு நோட்டைச் சேர்த்து இரட்டைச் சுரமாக்கிவிட்டால், முதல் சில பார்களில் எந்தக் குறையும் தெரியாது. ஆல்ட்டோ இரண்டு குவேவர் பாட, சோப்ரானோ ஒரு குரோச்செட்டில் நிற்கும் இடம் வந்தவுடன் வழி அடைபட்டுப்போகும். வாய்ஸ் முறையில் சோப்ரானோவின் தண்டு மேலும் ஆல்ட்டோவின் தண்டு கீழும் தானாகவே அமையும். டெனருக்கும் பேஸுக்கும் கீழ் ஸ்டாஃபில் இதே ஒழுங்கு.

இந்தக் கட்டத்தில் எதையும் மவுஸால் இழுத்து நகர்த்த வேண்டாம். நெருக்கமாகத் தெரியும் நோட்டுகள், வரிகள் சேர்ந்தபின் தாமே விலகிக்கொள்ளும்.

5. கேட்டுத் திருத்துதல்

வரிகளைச் சேர்க்கும் முன் ஸ்பேஸ் விசையை அழுத்தி முழுப் பாடலையும் கேளுங்கள். நோட்டைப் பிறகு நீக்கினாலோ கால அளவை மாற்றினாலோ அதன் கீழுள்ள அசை இடம் தவறும் என்பதால், இசை சரியென்று உறுதியான பிறகே வரிகள் வர வேண்டும்.

குளோஸ்டு ஸ்கோரில் மிக்ஸர் ஸ்டாஃபுக்கு ஒன்றாக மட்டுமே ஒலியைப் பிரிக்கும். ஆல்ட்டோவைத் தனியே கேட்க அது உதவாது. அதற்குப் பதிலாக ஆல்ட்டோவின் முதல் நோட்டைத் தேர்ந்தெடுத்து வலது அம்பு விசையால் நகர்ந்து செல்லுங்கள், ஒவ்வொரு நோட்டாக ஒலிக்கும். நான்கு குரல் சேர்ந்து ஒலிக்கும்போது மறைந்துவிடுவது உட்குரல்களின் தவறுகளே.

6. தமிழ் வரிகளைச் சேர்த்தல்

நேரம் அதிகம் தேவைப்படும் பகுதி இது. ஆங்கிலக் கையேடுகளில் இதற்கு வழி கிடைக்காது.

முதலில் எழுத்துரு. மியூஸ்ஸ்கோரின் இயல்பு எழுத்துருவான எட்வினில் தமிழ் எழுத்துகள் இல்லை. கணினியிலுள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை அது கடன் வாங்கிக் காட்டும். உங்கள் கணினியில் ஒழுங்காக இருந்த பக்கம் வேறொரு கணினியில் வரி பிதுங்கி நிற்பதற்கு இதுவே காரணம். ஃபார்மாட் மெனுவில் ஸ்டைல், அதற்குள் டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ் சென்று, ‘லிரிக்ஸ் ஆட் லைன்ஸ்’, ‘லிரிக்ஸ் ஈவன் லைன்ஸ்’ இரண்டுக்கும் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒரு யூனிகோட் எழுத்துருவைக் கொடுங்கள். முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, இரண்டாம் சரணம் ஏன் வேறு எழுத்தில் வருகிறது என்று திகைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தலைப்பு, பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியவற்றின் ஸ்டைலையும் இப்போதே மாற்றிவிடுங்கள். அளவு 10 அல்லது 11 புள்ளி போதும்.

அடுத்தது அசை பிரித்தல். இதை ஸ்கோருக்குள் செய்யாமல், நோட்பேடில் ஒவ்வொரு சரணமாகக் கோடிட்டுப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை விதி எளிது: புள்ளி வைத்த மெய்யெழுத்து தனியே ஒரு நோட்டில் நிற்காது, தனக்கு முன்னுள்ள எழுத்தோடு சேரும். கர்த்-தர், இ-ரட்-சிப்-பு, வாழ்க்-கை, கி-றிஸ்-து. சொல்லின் தொடக்கத்திலேயே மெய் வந்தால் மட்டும் அது பின்னதோடு சேரும்: ஸ்தோத்-தி-ரம். சொற்களுக்கு நடுவே மிகும் வல்லினமும் முன் சொல்லின் கடைசி அசைக்கே உரியது: அ-வ-ருக்-குப் பா-டு. இதில் ‘ப்’ என்பதை விட்டுவிடுவதும் தவறு, அடுத்த அசையின் தலையில் ஏற்றுவதும் தவறு.

நீண்ட நோட்டில் ‘வாழ்க்’ என்ற அசை வரும்போது சிலர் ‘வா’ என்று பிரித்து, ‘ழ்க்கை’ என்பதை அடுத்த நோட்டில் வைக்கிறார்கள். பாடுகிறவர் ஆகாரத்தைத்தான் நீட்டுகிறார் என்பதால் அதற்கும் நியாயம் இருக்கிறது. ஆயினும் ‘ழ்க்கை’ என்று தொடங்கும் அசையை முதல் பார்வையில் வாசிப்பது கடினம். மெய்யை முன் அசையோடு வைத்து, அதை நோட்டின் கடைசியில் மூடும்படி ஒத்திகையில் சொல்வதே மேல் என்பது என் முடிவு.

இனி உள்ளிடுதல். சோப்ரானோவின் முதல் நோட்டைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலும் ‘எல்’ விசையும் அழுத்துங்கள். சொல் முடிந்தால் ஸ்பேஸ், சொல் தொடர்ந்தால் சிறுகோடு. இரண்டும் அடுத்த நோட்டுக்குக் கொண்டுசெல்லும். ஒரு சொல்லின் கடைசி அசை பல நோட்டுகளுக்கு நீண்டால் அடிக்கோடு விசையை வேண்டிய அளவு தட்டுங்கள். நீட்சிக் கோடு வரும். அந்த நோட்டுகளை ஸ்லரால் இணைக்கவும் வேண்டும், ஓர் அசை எதுவரை நீள்கிறது என்பதைப் பாடகர் ஸ்லரைப் பார்த்தே அறிகிறார்.

நோட்பேடில் பிரித்து வைத்த வரிகளை மொத்தமாக நகலெடுத்து, முதல் நோட்டில் கன்ட்ரோலும் ‘எல்’லும் அழுத்தியபின், கன்ட்ரோலும் ‘வி’யும் மீண்டும் மீண்டும் அழுத்தினால் அசை அசையாக ஒட்டிக்கொண்டே போகும். எழுத்துப்பெயர்ப்பு முறையில் (ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக மாற்றும் முறை) தமிழ் தட்டச்சு செய்வோர் இந்த வழியையே கைக்கொள்வது நல்லது. அத்தகைய கருவிகள் பலவற்றில் ஸ்பேஸ் விசை சொல்லை உறுதிப்படுத்தப் பயன்படுவதால், ஸ்கோருக்குள் நேரடியாகத் தட்டும்போது கர்சர் எதிர்பார்த்தபடி நகராது. தமிழ்99 விசைப்பலகை பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வரிகளை முடித்து நோட்டுக்குத் திரும்பும்போது விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற மறவாதீர்கள். ‘என்’ அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை, மென்பொருள் உறைந்துவிட்டது என்று மூடித் திறக்கும் முன், பணிப்பட்டையில் மொழிக் குறியைப் பாருங்கள்.

சரண எண்ணை முதல் அசைக்கு முன் ‘1.’ என்று தட்டி, இடைவெளிக்குக் கன்ட்ரோலோடு ஸ்பேஸ் அழுத்துங்கள். வெறும் ஸ்பேஸ் அடுத்த நோட்டுக்குத் தாவிவிடும். ஒரு சரணத்தில் ஒரே நோட்டுக்கு இரண்டு அசை நெருக்கிப் பாட வேண்டியிருந்தால், அதே முறையில் இரண்டையும் ஒரு நோட்டின் கீழ் வைக்கலாம். நான்கு சரணங்களுக்கு மேல் ஸ்டாஃப்களுக்கு நடுவே அடுக்காதீர்கள். கண் மேல் ஸ்டாஃபிலிருந்து கீழ் ஸ்டாஃபுக்கு இறங்கும் தொலைவு கூடிவிடும். ஆர்கன் வாசிப்பவருக்கு அது பெருந்தொல்லை. எஞ்சிய சரணங்களைப் பக்கத்தின் கீழே செய்யுளாக அச்சிடலாம்.

டானிக் சோல்ஃபா (டோ, ரே, மி சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் முறை) எழுத்துகளை மட்டுமே வாசிக்கும் மூத்த பாடகர்கள் குழுவில் இருந்தால், அதை இன்னொரு சரணம் போல இங்கே நுழைக்காமல் அவர்களுக்குத் தனித் தாள் கொடுங்கள்.

7. குறிகள்

பாடலுக்கான டைனமிக்ஸ் குறிகள் ஸ்டாஃபுக்கு மேலே வர வேண்டும், கீழே வரிகள் இருப்பதால். கீழே விழுந்த குறியைத் தேர்ந்தெடுத்து ‘எக்ஸ்’ விசையை அழுத்தினால் மேலே போகும். மூச்சுக் குறி, ஃபெர்மாட்டா ஆகியவற்றைப் பேலட் என்ற குறிப் பட்டியலிலிருந்து இடுங்கள். ராகத்தின் பெயரையும் மீட்டரையும் இடது மேல் மூலையில் வைப்பது பாமாலை அச்சின் வழக்கம்.

8. பக்க அமைப்பு: பொதுவானது முதலில், தனித்தனியானது கடைசியில்

இப்போதுதான் பக்கத்தைப் பார்க்கத் தொடங்க வேண்டும். முதலில் ஃபார்மாட் மெனுவின் பேஜ் செட்டிங்ஸில் தாள் ஏ4 என்பதை உறுதிசெய்து, ஸ்டாஃப் ஸ்பேஸ் (ஸ்டாஃபின் இரு கோடுகளுக்கு இடையிலான தொலைவு) அளவைத் தீர்மானியுங்கள். இயல்பாக இருக்கும் 1.75 மி.மீ., ஐந்து கோட்டு ஸ்டாஃபுக்கு 7 மி.மீ. உயரம் தரும், பாடகர் குழுத் தாளுக்கு அது சற்றுப் பெரியது. 1.5 மி.மீ. வைத்தால் உயரம் 6 மி.மீ. ஆகும், மாலை ஆராதனையின் மங்கிய வெளிச்சத்திலும் வாசிக்க முடியும்.

பிறகு வரி முறிவு. ‘றிஸ்’, ‘ருக்’ போன்ற தமிழ் அசைகள் அகலமானவை. ஆங்கில வரிகளோடு ஒரு வரியில் அடங்கிய பார்கள் தமிழில் அடங்கா. எனவே மூலப் பிரதியின் வரி அமைப்பை அப்படியே பின்பற்ற முயலாமல், பாடலின் அடிதோறும் வரியை முறியுங்கள். பார் கோட்டைத் தேர்ந்து என்டர் அழுத்தினால் வரி முறியும்.

செயின்ட் ஆன் போன்ற ராகங்களில் ஒரு சிக்கல் உண்டு: அடி, பாரின் மூன்றாம் பீட்டில் முடிந்து, அடுத்த அடி நான்காம் பீட்டில் தொடங்குகிறது. பாரின் நடுவே முறிக்க, நான்காம் பீட்டின் நோட்டைத் தேர்ந்தெடுத்து, டூல்ஸ் மெனுவில் மெஷர்ஸ் பிரிவிலுள்ள ‘ஸ்பிளிட்’ கட்டளையைக் கொடுங்கள். பார் இரண்டாகும். முதல் பாதியின் பார் கோட்டைத் தேர்ந்து ‘வி’ அழுத்தி மறையுங்கள், அங்கேயே வரியை முறியுங்கள், பின் பாதியின் மெஷர் ப்ராப்பர்ட்டீஸில் அதை பார் எண்ணிக்கையிலிருந்து விலக்குங்கள். மூன்றாவதை விட்டுவிட்டால் பிக்அப்பில் தவிர்த்த அதே எண் குழப்பம் பின்வாசல் வழியே வந்துவிடும்.

அசைகள் நெருங்கும் பாரைத் தேர்ந்து வலது நெளி அடைப்பு விசையால் அகலப்படுத்தலாம், இடது நெளி அடைப்பு குறுக்கும். சிறுகோடுகள் இடமின்றி மறைந்துவிட்டால் சொல் எங்கே முடிகிறது என்பது பாடகருக்குத் தெரியாது; அப்படிப்பட்ட பார்களையே முதலில் அகலப்படுத்துங்கள்.

இவ்வளவும் முடிந்து எஞ்சும் உரசல்களை மட்டும் கையால் நகர்த்துங்கள். கையால் நகர்த்திய எதுவும் அதன் பிறகு ஸ்டைல் மாற்றினால் பொருந்தாமல் நிற்கும். அப்போது அதைத் தேர்ந்து கன்ட்ரோலும் ‘ஆர்’ விசையும் அழுத்தினால் இயல்பு இடத்துக்குத் திரும்பும்.

9. பிழை பார்த்தல்

திரையில் பிழை பார்க்காதீர்கள். தாளில் அச்சிட்டு, மூலப் பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வாசிப்பில் எல்லாவற்றையும் பிடிக்க முயலாமல், சுரங்களுக்கு ஒரு முறை, கால அளவுகளுக்கும் புள்ளிகளுக்கும் ஒரு முறை, வரிகளுக்கு ஒரு முறை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வரிகளைப் பார்க்கும்போது இரண்டாம், மூன்றாம் சரணங்களை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். முதல் சரணத்துக்கு ஏற்ப இட்ட ஸ்லர், வேறொரு சரணத்தில் இரண்டு அசைகளின் மேல் விழுந்திருக்கும். அங்கே ஸ்லரின் கோட்டுப் பாணியை ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் புள்ளிக்கோடாக மாற்றுவது வழக்கம். எழுத்தில்லாமல் வெறும் புள்ளி வட்டத்தின் மேல் ஓர் உயிர்க்குறி நின்றால், அசை பிரிக்கும்போது கோடு எழுத்தின் நடுவே விழுந்திருக்கிறது.

கடைசியாக, பாடலைத் தட்டச்சு செய்யாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, முன்னறிமுகம் இல்லாமல் பாடச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே பக்க அமைப்பில் ஏதோ குறை இருக்கிறது.

10. பிடிஎஃப்பும் அச்சும்

அச்சகத்துக்கோ ஜெராக்ஸ் கடைக்கோ மியூஸ்ஸ்கோர் கோப்பை அனுப்பாமல், ஃபைல் மெனுவின் எக்ஸ்போர்ட் வழியே பிடிஎஃப் எடுத்து அனுப்புங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே அடங்கிவிடும். அனுப்பும் முன் பிடிஎஃப்பை வேறொரு கணினியிலோ கைபேசியிலோ திறந்து, கொ, கௌ போன்ற இருபுறமும் குறியுள்ள எழுத்துகள் சரியாக நிற்கின்றனவா என்று பாருங்கள்.

அச்சிடும்போது ‘ஃபிட் டு பேஜ்’ என்பதைத் தவிர்த்து, உண்மை அளவு அல்லது 100 சதவீதம் என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இல்லையேல் 6 மி.மீ. என்று நீங்கள் கணக்கிட்ட ஸ்டாஃப் சுருங்கிவிடும். நடுவில் பின் அடித்த புத்தகமாகப் பல பாடல்களைச் சேர்ப்பதானால் மொத்தப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும், இரண்டு பக்கப் பாடல்கள் இடப்பக்கத்தில் தொடங்க வேண்டும்; அப்போதுதான் பாடும் நடுவில் தாளைத் திருப்ப நேராது.

அச்சுக்குப் போன பிடிஎஃப்போடு அதே தேதியிட்ட மூலக் கோப்பையும், மியூசிக் எக்ஸ்எம்எல் பிரதி ஒன்றையும் ஒரே கோப்புறையில் சேமித்து வையுங்கள். ஒத்திகையில் கண்டுபிடிக்கப்படும் திருத்தங்களை மூலக் கோப்பில் உடனுக்குடன் செய்து, தாளின் அடியில் பதிப்புத் தேதியை மாற்றிவிட்டால், பாடகர்கள் கையில் பழைய தாளும் புதிய தாளும் கலந்திருப்பதை நடத்துநர் ஒரே பார்வையில் கண்டுகொள்வார்.